இரைச்சலுக்கு ஒரு கூட்டம், நிழலுக்கு ஒரு கூட்டம்

புதிய ரயில் பாதை வருகிறது என்றால், ரயிலுக்கு முன்னால் நான் வருவேன். அதுதான் என் வேலை. பாதை போகும் தெருக்களில் வீடு வீடாக ஏறி இறங்க வேண்டும். எங்கே தூண் நிற்கும், எந்த மரம் போகும், சத்தம் எவ்வளவு வரும் என்று சொல்ல வேண்டும். அவர்கள் திட்டுவதை வாங்கிக்கொண்டு வந்து, அலுவலகத்தில் நாகரிகமான வார்த்தைகளில் ஒப்பிக்க வேண்டும். தெருவில் எனக்கு ரயிலம்மா என்று பெயர் வைத்துவிட்டார்கள். அம்மா என்று கூப்பிடும் அளவுக்கு எனக்கு வயதாகவில்லை என்று ஆரம்பத்தில் வருத்தப்பட்டேன். பிறகு பழகிவிட்டது.

பெயர் வைப்பதில் எங்கள் அலுவலகமும் சளைத்ததில்லை. இரைச்சலை அளக்கும் பொறியாளரை நாங்கள் 'சத்தம்' என்போம். அவர் பேசினால் அடுத்த நாற்காலிக்குக் கேட்காது. ரயில் போகப்போகும் பாலத்தின் நிழல் எந்த வீட்டில், எந்த நேரத்தில் விழும் என்று கணக்குப் போடுகிறவள் 'நிழல்'. அவள் பேச ஆரம்பித்தால் மதியச் சாப்பாடு ஆறிவிடும். இருவருக்கும் அடுத்தடுத்த அறை. ஆனால் இவர் வரைபடத்தை அவள் பார்த்ததில்லை, அவள் வரைபடத்தை இவர் பார்த்ததில்லை. மனஸ்தாபம் ஒன்றும் கிடையாது. இரைச்சலுக்கு ஒரு கூட்டம், நிழலுக்கு ஒரு கூட்டம், ஏரிப் பறவைகளுக்கு ஒரு கூட்டம் என்று தனித்தனியாக நடத்தித்தான் எங்களுக்குப் பழக்கம். மூன்றிலும் உட்கார்ந்திருந்த ஒரே ஆள் நான். அதனால் நடந்த தவற்றில் பெரும் பங்கு என்னுடையதுதான்.

பாதைக்கு மேற்கே, பாலம் வரவேண்டிய இடத்தை ஒட்டி ஒரே வளாகத்தில் இரண்டு வீடுகள் இருந்தன. அண்ணன் தம்பி வீடுகள். பாதைப் பக்கம் இருந்த வீட்டில் அண்ணனும் அவர் மனைவியும் சலவை நிலையம் நடத்தினார்கள். பக்கத்து விடுதிகளின் படுக்கை விரிப்புகளும் தலையணை உறைகளும் அங்கேதான் வெளுக்க வரும். தம்பி லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் ஊரில் இருக்கமாட்டார். அவர் மனைவி நர்ஸ், இரவு டூட்டி. இரண்டு வீட்டுக்கும் பின்னால் ஆளுக்கு ஒரு முற்றம், நடுவே ஒரு மதில். இந்தப் பக்க முற்றம் முழுக்கக் கொடிகள், எப்போதும் வெள்ளைத் துணி ஆடிக்கொண்டிருக்கும். அந்தப் பக்கம் ஒரு குழாயும் கவிழ்த்து வைத்த வாளியும்தான்.

முதல் தடவை போனபோது, சலவை நிலையத்து அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"பாலம் எவ்வளவு உசரம் வேணாலும் கட்டிக்கோங்க. எனக்குக் காலை வெயில் இருக்குமா, இருக்காதா?"

நியாயமான கேள்வி. மாலை வெயிலை மேற்கே எழும்பிய அடுக்குமாடிக் கட்டடம் எப்போதோ விழுங்கிவிட்டது. காலையில் ஒரு தடவை துவைத்துப் போட்டு, நடுப்பகலுக்குள் எடுத்துவிட்டு, அடுத்ததைப் போட்டால்தான் விடுதிகளுக்கு நேரத்துக்குக் கொடுக்க முடியும். நான் நிழலைக் கூட்டிக்கொண்டு வந்தேன். பாலம் வரும் இடத்தில் அதே உயரத்துக்கு ஒரு கம்பம் நட்டு, அதன் நுனியின் நிழல் முற்றத்தில் நகர்வதைச் சுண்ணாம்பால் கோடு போட்டுக் காட்டினோம். முதல் துணியை உதறிக் கொடியில் போடும் நேரத்துக்கெல்லாம் நிழல் முற்றத்தை விட்டு வெளியேறிவிட்டது.

"பயப்படாதீங்க அக்கா. வெயிலுக்குக் குறைச்சல் இல்லை," என்றேன். வாயால் சொன்னேன். எழுத்திலும் கொடுத்தேன்.

அன்றுதான் இன்னொரு விஷயம் கவனித்தேன். டூட்டி முடிந்து வந்த நர்ஸ் வாசலில் எங்களைத் தாண்டிப் போனாள். அக்கா சட்டென்று திரும்பிக் கொடியில் இருந்த துணியை இழுத்து இழுத்து நேராக்கினாள். அது ஏற்கெனவே நேராகத்தான் இருந்தது.

உள்ளே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அண்ணனிடம் கேட்டேன். அவர் பெட்டியை நிறுத்தி வைத்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லைம்மா. தண்ணி வரலைன்னா இவ என்கிட்ட சொல்லுவா, நான் போய் அங்க சொல்லணும். அந்தப் பொண்ணு என்கிட்ட சொல்லும், நான் வந்து இங்க சொல்லணும். வயசான காலத்துல என்னைத் தபால்காரனாக்கிட்டாங்க."

காரணம் இதுதான். முன்பு இவர்களிடம் துணி உலர்த்தும் மெஷின் ஒன்று இருந்தது. பழசு. ஓடினால் தரையே அதிரும். நர்ஸ் கல்யாணமாகி வந்த புதிது. பகலில் தூங்க முடியவில்லை. நேரில் சொல்லப் பயந்துகொண்டு நகராட்சியில் மனு கொடுத்துவிட்டாள். ஆட்கள் வந்து வாடிக்கையாளர்கள் முன்னிலையில் மெஷினை நிறுத்தச் சொன்னார்கள். அதை விற்றுவிட்டு அக்கா முழுசாக வெயிலை நம்பினாள். "என்கிட்ட வந்து, அக்கா தூக்கம் வரலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே நிறுத்தியிருப்பேன்," என்று அக்கா உள்ளேயிருந்து சொன்னாள். "ஆபீசரைக் கூட்டிட்டு வந்தா பாரு, அதைத்தான் என்னால ஜீரணிக்க முடியலை."

சில மாதங்கள் கழித்து இரைச்சல் கூட்டம் நடந்தது. நர்ஸ் தூங்காமல் நேரே வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். தான் பகலில்தான் தூங்க முடியும், ரயில் பகலில்தான் அதிகம் ஓடும், ஆகவே பாலத்தின் மேல் இரைச்சல் தடுப்பு வேண்டும் என்று கேட்டாள். சத்தம் தன் கருவிகளோடு போய் இப்போதைய இரைச்சலை அளந்து, ரயில் ஓடினால் எவ்வளவு கூடும் என்று கணக்குப் போட்டார். அவள் கேட்டது சரி. பாலத்தின் விளிம்பில் ஒன்றரை ஆள் உயரத்துக்குத் தடுப்பு எழுப்பலாம் என்று முடிவானது. நான்தான் அவள் வீட்டுக் கதவைத் தட்டி நல்ல செய்தி சொன்னேன். அவள் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "ரொம்ப நன்றி மேடம்," என்றாள். ஊருக்கே நல்லது செய்துவிட்ட மிதப்பில் வீட்டுக்குப் போனேன்.

கடைசிக் கட்டம் பொது விசாரணை. அதற்கு முந்தைய வாரம், மண்டபத்துப் பலகையில் வரைபடங்களைக் குத்திக்கொண்டிருந்தேன். இடப்பக்கம் நிழல் வரைந்தது, வலப்பக்கம் சத்தம் வரைந்தது. அன்றைக்குத்தான் முதல் தடவையாக இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. வலப்பக்கப் பாலத்தின் தலையில் தடுப்பு இருந்தது. இடப்பக்கப் பாலம் மொட்டையாக இருந்தது. குண்டூசியை வாயில் வைத்தபடியே நின்றுவிட்டேன். ஒரே பாலத்தைக் காட்டி ஒருத்திக்கு வெயிலும் இன்னொருத்திக்குத் தடுப்பும் கொடுத்திருக்கிறேன்.

மறுநாள் எல்லோரையும் ஒரே மேஜையில் உட்கார வைத்தேன். நிழல் அங்கேயே கணக்குப் போட்டாள். தடுப்போடு சேர்த்தால், காலையில் போடும் துணி முழுக்க நிழலில்தான் கிடக்கும்.

"கண்ணாடி மாதிரி பலகையில தடுப்பு போட்டுடலாமே. வெளிச்சம் வரும்," என்றாள் நிழல்.

பறவைகளைப் பார்த்துக்கொள்கிறவர் பேனாவைக் கீழே வைத்தார். "பக்கத்துல ஏரி இருக்கு. பறவைக்குக் கண்ணாடி தெரியாது. தினமும் காலையில பாலத்துக்கு அடியில செத்த பறவையைப் பொறுக்க யார் வர்றீங்க?"

யாரும் வருவதாகச் சொல்லவில்லை. சத்தம் என்னவோ சொன்னார். எங்களுக்குக் கேட்கவில்லை. இரண்டாம் தடவை சொன்னபோது கேட்டது. உயரத்தைக் குறைத்தால் தடுப்பு போட்டும் பிரயோஜனமில்லை.

மேலாளர் விதியைப் படித்துக் காட்டினார். இரைச்சல் அளவு மீறும் இடத்தில் ஒரு வீட்டுக்காரர் கேட்டாலும் தடுப்பு கட்டியாக வேண்டும். கேட்டவரே பொது விசாரணையில் வாபஸ் வாங்கினால் மட்டும் விடலாம். வாபஸ் வாங்கச் சொல்லி அலுவலகத்தில் யாரும் அவரிடம் வாய் திறக்கக் கூடாது.

"அப்ப அக்காவோட முற்றம்?" என்றேன்.

"நிழல் விழக்கூடாதுன்னு விதி இல்லை," என்றார் மேலாளர். நல்ல மனிதர்தான். ஆனால் விதி இல்லாத இடத்தில் அவருக்குக் கண் தெரியாது.

வாய் திறக்கக் கூடாது. சரி, கம்பம் நடக்கூடாது என்று எந்த விதியிலும் இல்லையே. மறுநாள் காலையிலேயே ஆட்களோடு போய், இந்தத் தடவை தடுப்பின் உச்சி வரைக்கும் கம்பத்தை ஏற்றினேன். அக்காவிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. ஈரத் துணிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, சுண்ணாம்புக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெயில் ஏற ஏறக் கோடுகள் மெல்ல மெல்ல நகர்ந்தன. நுனியின் நிழல் முதலில் மதிலுக்கு அந்தப் பக்க முற்றத்தைத் தாண்டியது; அங்கே வெயில் விழும். இந்தப் பக்கம் நிழல் அசைவதாகவே தெரியவில்லை.

"தடுப்பு கேட்டது அவதானே," என்றாள் அக்கா.

கேட்டவர் யார் என்று சொல்ல எனக்கு அனுமதி இல்லை.

"சொல்ல வேணாம்மா. தெருவே சொல்லிடுச்சு. முதல்ல மெஷினு, இப்ப வெயிலு."

அந்நேரம் பார்த்து நர்ஸ் டூட்டி முடிந்து வந்தாள். கம்பத்தை அண்ணாந்து பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். "இது என்ன மேடம்?" என்று கேட்டாள். சொன்னேன். அவளுக்கு இது புதுச் செய்தி. இரைச்சல் கூட்டத்தில் நிழலைப் பற்றி யார் பேசினார்கள்? கைப்பையைத் தோளில் மாட்டியபடியே மதிலோரம் கொஞ்ச நேரம் நின்றாள். இரு பெண்களுக்கும் நடுவே மார்பளவு மதில்தான் இருந்தது. ஒருவர் மூச்சு விடுவது மற்றவருக்குக் கேட்டிருக்கும். ஒன்றும் பேசாமல் நர்ஸ் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"பாத்தீங்களா? ஒரு வார்த்தை பேசினாளா?" என்றாள் அக்கா.

நீங்களும்தான் ஒரு வார்த்தை பேசவில்லை என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். பிறகு, விசாரணைக்கு அழைப்பு கொடுக்கிற சாக்கில் நர்ஸ் வீட்டுக்குப் போனேன். வீடு முழுக்கத் தடித்த திரை போட்டு இருட்டாக இருந்தது. ஜன்னல் இடுக்கில் பழைய போர்வையைத் திணித்து வைத்திருந்தாள். சமையல்கட்டு மேடை துடைத்து விட்டாற்போல் இருந்தது. அன்றைக்கு அங்கே எதுவும் கொதித்ததற்கு அடையாளம் இல்லை.

"நான் வாபஸ் வாங்கணும்னு சொல்ல வந்தீங்களா மேடம்?"

"அதை நான் சொல்லக் கூடாது."

"சரி, சொல்லாம உக்காருங்க."

உட்கார்ந்தேன். அவளே பேசினாள். "போன வருஷம் பக்கத்துல ரோடு வேலை நடந்துச்சு. ஒரு வாரம் சரியாத் தூக்கமில்லை. ஒரு நாள் ஒருத்தருக்கு போட வேண்டிய ஊசியை எடுத்துட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிட்டேன். அந்த அம்மா, எனக்கு ஊசி இல்லையேன்னு கையை இழுத்துக்கிட்டாங்க. இல்லேன்னா என்ன ஆகியிருக்கும்னு இன்னும் நினைச்சுப் பாக்கறேன்." விரல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நான் தூங்கியாகணும் மேடம். அடம் பிடிக்கலை. ஆனா அக்கா முற்றத்துல வெயில் போயிடும்னு தெரிஞ்சிருந்தா எப்படிக் கேட்டிருப்பேனோ தெரியலை."

"அக்காகிட்ட இதைச் சொன்னீங்களா?"

"எனக்கு அங்க வாய் எழும்பாது."

இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தால், நடுவில் நிற்கிறவளுக்குத்தான் திண்டாட்டம். தடுப்பு வந்தால் அக்காவின் தொழில் பாதியாகப் போகும் என்பது நிச்சயம். இல்லையென்றால் இந்தப் பெண் கண் சொருகிக்கொண்டு வார்டில் நிற்பாள். எது நடந்தாலும் அதற்கு என் கையெழுத்து இருக்கும்.

விசாரணை நாளில் மண்டபம் நிரம்பியிருந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைமை. பேசுகிறவர்களிடம் மைக்கைக் கொண்டுபோய் நீட்டுவது என் பொறுப்பு. மரம் வெட்டுவது பற்றி ஒருவர், தூசி பற்றி ஒருவர், ரயில் நிலையம் தன் வீட்டு வாசலிலேயே வேண்டும் என்று ஒருவர். அக்காவும் அவள் கணவரும் பின்வரிசையில் இருந்தார்கள். நர்ஸ் முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தாள். அவள் முறை வந்ததும் மைக்கை நீட்டினேன்.

"தடுப்பு எனக்கு வேணும் சார். நான் வாபஸ் வாங்கலை," என்றாள்.

பின்னால் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அக்கா கிளம்ப எழுந்துவிட்டாள்.

"இன்னொண்ணும் கேக்கணும். தடுப்பு வந்தா எங்க ஓரகத்தி அக்காவோட முற்றத்துல காலை வெயில் இருக்காது. என் முற்றத்துல இருக்கும், நானே பாத்தேன். அங்க நான் ஒண்ணும் வைக்கலை. நடுவுல இருக்கற மதிலை எடுத்துட்டா அக்கா அங்க கொடி கட்டிக்கலாம். அதையும் திட்டத்துல சேத்துக்கோங்க."

மேலாளர் நீதிபதியின் காதருகே குனிந்தார். நீதிபதி தலையாட்டிவிட்டு அவளிடம் சொன்னார்: "இது உங்க ரெண்டு குடும்பத்துக்கும் பொதுவான மதில்மா. ரயிலுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. அவங்க சரின்னா நீங்களே எடுத்துக்கலாம். வீட்டுலயே கேக்க வேண்டியதுதானே?"

"வீட்டுல எங்களுக்குப் பேச்சு இல்லை சார். கேக்கறதுக்கு எனக்கு வேற இடம் தெரியலை."

ஓரிருவர் சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. "அந்த அக்கா வந்திருக்காங்களா?" என்று கேட்டார்.

கதவருகே போய்விட்டிருந்தவளைச் சட்டென்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மைக்கை எடுத்துக்கொண்டு நான் ஏறக்குறைய ஓடினேன். அக்கா நர்ஸைப் பார்க்கவில்லை. நீதிபதியைப் பார்த்துத்தான் பேசினாள்.

"சார், இவங்க பகல்ல தூங்கறவங்க. நான் அந்தப் பக்கம் போய் ஈரத் துணியை உதறினா சத்தம் வரும். தூக்கம் கெடும். அப்புறம் அதுக்கும் ஒரு மனு வரும், ஆள் வரும். ஒரு தடவை பட்டதே எனக்குப் போதும். என் பொழப்பை நான் பாத்துக்கறேன்."

நர்ஸ் எழுந்து திரும்பி நின்றாள். அவள் கையில் மைக் இல்லை. இருந்தும் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"அக்கா, நான் மெஷினைத்தான் நிறுத்தச் சொன்னேன். என்கூடப் பேச்சை நிறுத்தச் சொல்லலை."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அக்காவின் தாடைக்குக் கீழே நான் மைக்கைப் பிடித்தபடியே இருந்தேன். அவள் மூச்சு பெரிதாக வாங்குவது ஒலிபெருக்கியில் கேட்டது. நீதிபதி அவசரப்படுத்தவில்லை. அதற்காகவே அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். கடைசியில் அக்கா முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தாள். இளைத்துப்போன தோளையும் கண்ணுக்கடியில் இருந்த கருமையையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள் என்றுதான் எனக்குப் பட்டது.

"காலையில டூட்டி முடிஞ்சு வந்து சாப்பிட்டுட்டுத் தூங்கறியா, இல்ல அப்படியே படுத்துடறியா?"

"அப்படியே படுத்துடறேன் அக்கா," என்றாள். துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"இனிமே அப்படிப் படுக்காதே," என்றாள் அக்கா. பிறகு நீதிபதி பக்கம் திரும்பினாள். "மதிலை எடுக்கறதுல எனக்கு ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக்கோங்க சார்."